மலையுச்சியில் ஓர் ஊர், குகைக்குள் ஒரு கை



பழம்பொருள் ஒன்றின் முன்னே நிற்கும்போது நமது கை தானாகவே அதை நோக்கி நீளுகிறது. கோயில் தூணைத் தடவிப் பார்க்கிறோம். ஏட்டுச் சுவடியின் ஓரத்தை விரலால் வருடுகிறோம். கண் கண்டது மெய்தானா என்று கையைக் கொண்டு கேட்டுத் தெளிவது மனிதருக்கு இயல்பான பழக்கம். இந்தப் பழக்கம் இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கவிஞர் ஒருவரை நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றது. அந்தச் சம்பவம் நிகழ்ந்த குகையையும், அக்கவிஞர் கோடைதோறும் வந்து வாழ்ந்த மலையுச்சிக் கிராமத்தையும் இன்று நாம் சுற்றிப் பார்க்கப் போகின்றோம்.

இரண்டும் பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கே இருக்கின்றன. கிராமத்தின் பெயர் சேன் சீர்க் லப்போப்பி. குகையின் பெயர் பெஷ்மேர்ல். கிராமத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வயது என்றால், குகையிலுள்ள ஓவியங்களுக்கு அதைப்போல இருபத்தொன்பது மடங்கு வயது. ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்ல வாகனத்தில் அரைமணி நேரம்கூடத் தேவையில்லை.

நிலத்தின் அமைப்பை முதலில் மனதில் இருத்திக்கொள்வது நல்லது. காவோர் என்னும் பழைய நகரிலிருந்து கிழக்கே லொத் நதியின் கரையோடு சுமார் 25 கிலோமீற்றர் செல்ல வேண்டும். இருபுறமும் சுண்ணக்கல் மேட்டுநிலம். மேலே மண் ஆழம் குறைந்த வரண்ட பூமி. குட்டையான ஓக் மரங்களும், ஆட்டுக்குக் காணக்கூடிய புல்லுமே அங்கு மிகுதி. பெய்த மழை நிலத்தின் மேல் நிற்பதில்லை. பாறை வெடிப்புகளின் வழியே உள்ளே இறங்கிச் சுண்ணத்தைக் கரைத்துக் கரைத்து நிலத்தடியில் மண்டபங்களையும் சுரங்க வழிகளையும் குடைந்து விடுகிறது. வெளியே ஓடும் ஆறோ அதே பாறையை நெடுங்காலமாக அறுத்து, செங்குத்தான சுவர்களை எழுப்பிவிட்டிருக்கிறது. வெளியே ஓடிய நீர் ஊருக்கு இடமமைத்தது. உள்ளே இறங்கிய நீர் குகையை அமைத்தது.

மூன்று பிரபுக்களின் பாறை

நதிக்கு மேலே ஏறக்குறைய நூறு மீற்றர் உயரத்தில், குன்றின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருக்கிறது சேன் சீர்க் லப்போப்பி. பெயரின் முற்பகுதி ஒரு குழந்தையின் பெயர். உரோம சக்கரவர்த்தி டயோக்கிளீசியனின் காலத்தில் தன் தாய் யூலித்தாவுடன் கொல்லப்பட்டதாகக் கிறிஸ்தவ மரபு கூறும் சிறுவனான புனித சீர் என்பவனே அவன். பிற்பகுதியான லப்போப்பி, ஊரின் உச்சியில் நிற்கும் பாறையின் பெயர். அந்தப் பாறையைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்ட பிரபுக் குடும்பமும் அதே பெயரால் வழங்கலாயிற்று.

இந்த உச்சியில் ஒரு கோட்டை இருந்தது என்பதைவிட, பல கோட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன என்பதே பொருந்தும். லப்போப்பி, கூர்தோன், கார்தயாக் என்ற மூன்று பிரபு வம்சங்கள் ஒரே பாறையைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. கீழே போகும் ஒவ்வொரு படகையும் மேலிருந்து எண்ணலாம். எண்ண முடிந்தவர் வரி கேட்கலாம். பாறையின் மதிப்பு அதில்தான் இருந்தது. பாதுகாப்புத் தேடிய தொழிலாளரும் வணிகரும் கோட்டையின் நிழலில் வீடு கட்டினர். ஒருவர் வீட்டுக் கூரை மட்டத்தில் அடுத்தவர் வாசல் இருக்கும்படியாகச் சரிவெங்கும் ஊர் பரந்தது.

உயரத்தில் இருந்ததனால் ஊர் பகைவரிடமிருந்து தப்பியது. ஆனால் அரசரிடமிருந்து தப்பவில்லை. 1471இல் பதினோராம் லூயி மன்னர் கோட்டையை இடிக்கக் கட்டளையிட்டார். இடித்ததில் எஞ்சியது மதப் போர்க் காலத்தில் மீண்டும் போராளிகளுக்குப் பயன்பட்டது. பிற்காலத்தில் நான்காம் ஆன்றி என்ற பெயருடன் பிரான்சின் முடியைச் சூடிய நவார் நாட்டு ஆன்றி, 1580இல் எஞ்சிய சுவர்களையும் தகர்க்கச் செய்தார். இன்று உச்சிக்கு ஏறிப்போகிறவர்கள் காண்பது சில சுவர்த் துண்டுகளையும், ஆற்றின் வளைவையுமே. சற்றுக் கீழே 16ஆம் நூற்றாண்டில் எழுந்த தேவாலயம், கோட்டையைப் போலவே தடித்த சுவரும் உறுதியான கோபுரமுமாக நிற்கிறது.

பிரபுக்கள் போனார்கள், தொழிலாளர் நின்றார்கள். ஊரின் தெருப் பெயர்களே அதற்குச் சாட்சி. ஒரு தெருவுக்குத் தோல் வேலை செய்தோரின் பெயர். இன்னொன்றுக்குச் செம்புப் பாத்திரம் செய்தோரின் பெயர். சந்தை கூடிய திடலுக்குச் சொம்பிரால் என்று பெயர். வீடுகளின் கீழ்த்தளத்தில் அகன்ற வளைவு வாசல்கள் இருக்கின்றன. தெருவெளிச்சம் உள்ளே விழவும், வேலை செய்துகொண்டே பொருளை விற்கவும் வசதியாகச் செய்யப்பட்ட பட்டறை வாசல்கள் அவை.

அந்தப் பட்டறைகளுள் புகழ்பெற்றவை மரம் கடையும் பட்டறைகள். சுற்றிலுமுள்ள மேட்டுநிலத்தில் பொக்ஸ் என்னும் ஒரு சிறு மரம் வளர்கிறது. மெதுவாக வளர்வதனால் அதன் மரம் மஞ்சள் நிறமாய், எலும்பு போல இறுகியிருக்கும். நீரிலும் மதுவிலும் ஊறினாலும் எளிதில் வெடிக்காது. இதைக் கடைசலிட்டு, வைன் பீப்பாக்களுக்கு வேண்டிய மரக் குழாய்த் திருகுகளைச் செய்தார்கள் இவ்வூரார். காவோர் வைன் ஐரோப்பாவெங்கும் பெயர்பெற்ற பண்டம். அந்த வைன் பீப்பாவிலிருந்து கிண்ணத்தில் இறங்குமிடத்தில் சேன் சீர்க்கின் கைவேலை ஒன்று இருந்தது. தகப்பனிடமிருந்து மகனுக்கு என இந்தத் தொழில் பல நூற்றாண்டுகள் கைமாறி வந்தது.

கயிறு இழுத்தவர்களின் வழி

ஊரிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கி, பூசியேஸ் என்ற கிராமத்தின் பக்கம் நடந்தால் வியப்பான ஒரு பாதையைக் காணலாம். மலைச்சுவர் நேராக ஆற்றுக்குள் இறங்குமிடத்தில், அச்சுவரையே அரைவட்டமாகக் குடைந்து வழி செய்திருக்கிறார்கள். ஒரு பக்கம் நீர். தலைக்கு மேல் பாறை. 1840களில் வெட்டப்பட்ட இப்பாதை உல்லாசப் பயணிகளுக்காக உண்டானதன்று. ஆற்றில் எதிர்நீச்சலாக வரும் சரக்குத் தோணிகளை மனிதரும் விலங்குகளும் கரையில் நின்று கயிற்றால் இழுத்துச் செல்வதற்காக வெட்டப்பட்டது. வைனும் மரமும் தோணிகளில் கீழே போயின. உப்பும் பிற பண்டங்களும் மேலே வந்தன. அந்தப் பாறையில் இன்றும் உளியின் தடங்களைக் காணலாம்.

இத்தனை பாடுபட்டு வெட்டிய பாதைக்கு அரை நூற்றாண்டு ஆயுளும் கிடைக்கவில்லை. 1886இல் காவோரிலிருந்து பள்ளத்தாக்கின் வழியே புகையிரதம் ஓடத் தொடங்கியது. தோணிக்கு வேலை குறைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்சேரா என்ற சிறுபூச்சி காவோரின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்தது. வைன் இல்லாதபோது பீப்பா எதற்கு? பீப்பா இல்லாதபோது குழாய்த் திருகு எதற்கு? கடைசற்காரர் ஒருவர் பின் ஒருவராகப் பட்டறையைப் பூட்டினர். இளையோர் நகரங்களுக்குப் போயினர். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சேன் சீர்க் பாதி வெறுமையான ஊராக இருந்தது.

வறுமை சில வேளைகளில் பழமையைக் காப்பாற்றி வைக்கிறது. வளமான ஊர்கள் பழைய வீட்டை இடித்துப் புதிய வீடு கட்டும். சேன் சீர்க்கில் இடிப்பதற்கும் பணம் இருக்கவில்லை. ஆகவே பதின்மூன்றாம் நூற்றாண்டின் கற்சுவரும், பதினாறாம் நூற்றாண்டின் மரச்சட்டமும் இருந்தபடியே இருந்தன. முதலில் அதைக் கண்டுகொண்டவர்கள் ஓவியர்கள். புள்ளி புள்ளியாக வர்ணத்தை வைத்து ஒளியைத் தீட்டும் ஆன்றி மார்த்தன் இங்கே ஒரு வீட்டை வாங்கினார். அவருக்குப் பின் வந்தவர்தான் நமது கதையின் நாயகர்.

அந்திரே பிரெத்தோனை நமது இலக்கிய வாசகர்களுக்கு அதிகம் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1924இல் சர்ரியலிசத்தின் முதல் பிரகடனத்தை எழுதியவர். பகுத்தறிவின் காவலைத் தாண்டி, கனவிலிருந்தும் அடிமனத்திலிருந்தும் கலை ஊற்றெடுக்க வேண்டும் என்றவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் அடைக்கலம் பெற்றிருந்து, 1946இல் பரிஸ் திரும்பியவர். போருக்குப் பின் நாட்டெல்லைகளை மறுத்து 'உலகக் குடிமக்கள்' என்றொரு இயக்கம் எழுந்தது. காவோர் நகரம் அவ்வியக்கத்தில் இணைந்தது. அதையொட்டிய விழாவுக்காக 1950 ஜூனில் இப்பகுதிக்கு வந்த பிரெத்தோன், இரவில் ஒளியூட்டப்பட்டு நின்ற சேன் சீர்க்கைக் கண்டார். மறு ஆண்டே அங்கு ஒரு வீட்டை வாங்கிவிட்டார்.

அவர் வாங்கிய வீடு எது தெரியுமா? முற்காலத்தில் தோணிக்காரர்கள் வந்து தங்கிய சத்திரம். கயிறு இழுத்துக் களைத்தவர்கள் உறங்கிய இடத்தில், கனவைப் பாடிய கவிஞர் குடியேறினார். பெஞ்சமின் பெரே என்ற கவிஞரும் தொயென் என்ற ஓவியரும் இன்னும் பல நண்பர்களும் கோடையில் அங்கு வந்துபோயினர். பிரெத்தோன் லொத் நதியின் மணற்படுகையில் குனிந்து நடந்து கற்களைப் பொறுக்குவார். நீரோட்டம் உருட்டி மெருகிட்ட கற்களை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தொட்டு அறிவதில் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

சிறுவர் கண்ட குகை

லொத் நதியோடு செலே என்னும் சிற்றாறு வந்து கலக்கிறது. அதன் பள்ளத்தாக்கில் கப்ரெரே என்ற கிராமம் இருக்கிறது. 1920களில் அவ்வூர்ப் பங்குக் குருவாக இருந்தவர் அமெதே லெமோசி. பூசை முடிந்த பின் குகை குகையாகத் தேடித் திரிந்த வரலாற்றுக்கு முந்திய காலத்து ஆய்வாளர் அவர். எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஊர்ச் சிறுவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். அவருடைய மாணாக்கருள் ஒருவனான அந்திரே டாவிட் என்ற பதினாறு வயதுப் பையன், 1922இல் ஆன்றி டியூதேர்த் என்ற நண்பனோடு தன் குடும்பத்தின் நிலத்திலிருந்த துவாரமொன்றின் வழியே ஊர்ந்து இறங்கினான். இருளில் மணிக்கணக்காகத் தவழ்ந்து சென்ற இருவரின் முன்னே ஓவியம் தீட்டிய மண்டபங்கள் திறந்துகொண்டன. செய்தி கேட்ட குருவானவரும் இறங்கிப் பார்த்தார். 1926இல் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. லெமோசியின் ஆய்வு நூல் 1929இல் வெளிவந்தது. குகையை அவர் ஒரு கோவிலாகவே கருதினார். நூலின் தலைப்பிலும் அச்சொல்லைச் சேர்த்தார்.

இப்போது நாமும் உள்ளே செல்வோம். கோடையில் வெளியே எத்தனை வெப்பமாயினும் உள்ளே பன்னிரண்டு பாகை செல்சியஸ் அளவான குளிர்தான். மேலிருந்து சொட்டும் நீர் விட்டுச்சென்ற சுண்ணம் தூணாகவும் திரையாகவும் உறைந்திருக்கிறது. சிறு குழிகளில் நீர்த்துளி ஓயாது விழுந்து உருட்டிய 'குகை முத்துகள்' கிடக்கின்றன. ஓரிடத்தில், மேலே நிலத்தில் நிற்கும் ஓக் மரத்தின் வேர் குகையின் கூரையைத் துளைத்து இறங்கி, நீரைத் தேடித் தரைக்கும் கீழே போயிருக்கிறது. கரடிகள் நகத்தால் கீறிய சுவர்கள் உண்டு. ஈரமண்ணாக இருந்து பின் இறுகிய தரையில் மனிதக் காலடிகளும் உண்டு. வளரிளம் பருவத்தினர் ஒருவருடைய காலடிகள் என்கிறார்கள். எதற்காக வந்தார், யாருடன் வந்தார் என்று தெரியாது. ஆனால் பெருவிரல் அழுந்திய ஆழம் தெரிகிறது.

குகையின் சிறப்பு, 'புள்ளிக் குதிரைகள்' என்று உலகம் அறிந்த ஓவியம். எதிரும் புதிருமாகத் திரும்பிய இரு குதிரைகள், பின்புறம் ஒன்றன்மேல் ஒன்று படிய நிற்கின்றன. பெருத்த உடலுக்கும் கழுத்துக்கும் மிகச் சிறிய தலை. வலப்பக்கக் குதிரையின் தலையைத் தீட்டியவர் தேர்ந்தெடுத்த இடம் வியப்பூட்டுவது. பாறையின் விளிம்பே அங்கு குதிரைத் தலையின் வடிவில் இருக்கிறது. கல்லில் ஏற்கெனவே ஒளிந்திருந்த குதிரையைக் கண்டுதான் அவர் வர்ணத்தை எடுத்திருக்க வேண்டும். உடல் முழுவதும் கரும்புள்ளிகள். சில புள்ளிகள் உடலின் எல்லையைத் தாண்டி வெளியேயும் சிதறியிருக்கின்றன. மேலே சிவப்புக் கோட்டில் ஒரு பெரிய மீன். சுற்றிலும் ஆறு கைப்பதிவுகள்.

இந்த ஓவியத்தை எப்படித் தீட்டினார்கள்? பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் லோர்பிளான்ஷே ஒரு சோதனை செய்தார். அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளிடம் கண்டறிந்த முறையைப் பின்பற்றி, கரியை வாயிலிட்டு மென்று, உமிழ்நீரோடு குழைத்து, சுவரில் ஊதித் தெளித்தார். கையை ஓரமாக அணைகொடுத்து வைத்தால் கூரிய கோடு கிடைத்தது; தள்ளி ஊதினால் மங்கிய நிழல் கிடைத்தது. முழு ஓவியத்தையும் இவ்வாறு வேறொரு குகைச் சுவரில் மீண்டும் செய்துமுடிக்க அவருக்கு 32 மணித்தியாலம் பிடித்தது. ஆக, தூரிகையின் வேலையைச் செய்தது மூச்சு. அந்த மூச்சுக்கு வரம்பு கட்டியது கை.

புள்ளிகளைப் பற்றியும் நெடுநாள் விவாதம் நடந்தது. அக்காலத்தில் இப்படிப் புள்ளியிட்ட குதிரை எங்கே இருந்தது, இது மயக்கத்திலோ கனவிலோ கண்ட குதிரையாக இருக்கலாம் என்றனர் பலர். 2011இல் வெளியான மரபணு ஆய்வொன்று, பண்டைய குதிரைகளின் எலும்புகளில் புள்ளித்தோலுக்குரிய மரபுக்கூற்றைக் கண்டது. கனவு என எண்ணியதை ஓவியர் வெளியே புல்வெளியிலும் கண்டிருக்கலாம். எனினும் உடலுக்கு வெளியே சிதறிய புள்ளிகளுக்கு மரபணுவில் விடை கிடையாது. அவற்றின் பொருள் இன்றும் அந்த ஓவியருடையதே.

கைப்பதிவுகளைத் தனியே பார்க்க வேண்டும். கையை வர்ணத்தில் தோய்த்துச் சுவரில் அழுத்தியதால் உண்டானவை அல்ல அவை. வெறும் கையைச் சுவரில் பதித்து, அதைச் சுற்றி வர்ணத்தை ஊதியிருக்கிறார்கள். கையை எடுத்தபோது கை இருந்த இடம் வெறுமையாக நின்றது. கரியநிறத்துக்கு நடுவே கையின் வடிவில் கல் தெரிகிறது. விரல் நீளங்களை அளந்து ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வாளர் டீன் ஸ்னோ, ஐரோப்பியக் குகைகளின் இத்தகைய பதிவுகளுள் பெரும்பாலானவை பெண்களின் கைகள் என்று 2013இல் எழுதினார். அதை ஏற்காதோரும் உண்டு. ஆணாயினும் பெண்ணாயினும், ஒருவர் இங்கே நின்றார், கல்லைத் தொட்டார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

கவிஞரின் விரல்

1952 ஜூலை மாதம் இக்குகைக்குள் பிரெத்தோன் வந்தார். மாமத யானைகள் வரைந்த பகுதியில் வழிகாட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு யானையின் தும்பிக்கைக் கோடு மிகப் புதிதாகத் தோன்றியது கவிஞருக்கு. இத்தனை ஆயிரம் ஆண்டு கடந்த கோடு இப்படியா இருக்கும்? கையை நீட்டிக் கோட்டைத் தேய்த்தார். விரலில் கரி ஒட்டியது. வழிகாட்டி தன் கைத்தடியால் அவர் கையில் அடித்தார். இருவருக்கும் கைகலப்பு மூண்டது. வழக்கு காவோர் நீதிமன்றத்துக்குப் போனது. எழுத்தாளர்கள் சிலர் கவிஞரின் பக்கம் நின்று பேசினர். ஆயினும் 1953இல் நீதிமன்றம் அவருக்குத் தண்டம் விதித்தது.

இச்சம்பவத்தைச் சொல்லிச் சிரிப்போர் பலர். கனவுதான் உண்மையிலும் பெரிய உண்மை என்று உலகுக்கு உபதேசித்தவர், மனிதகுலத்தின் பழைய கனவொன்றின் முன்னே வந்ததும் சுங்க அதிகாரியைப் போலச் சோதனை போட்டாரே என்பது அவர்களின் ஏளனம். அதில் உண்மை உண்டு. ஆனால் அன்றைய நிலையில் ஐயப்படுவது மூடத்தனம் அன்று.

ஏனெனில் குகை ஓவியத்தின் வரலாறே ஐயத்தில் தொடங்கியது. 1879இல் ஸ்பெயின் நாட்டு அல்தமீரா குகையில், சௌத்துவோலா என்ற நிலக்கிழார் தரையைத் தோண்டிக்கொண்டிருக்க, அவருடைய எட்டு வயது மகள் மரியா கூரையை அண்ணாந்து பார்த்துக் காட்டெருமைகளைக் கண்டாள். தந்தை அதை உலகுக்கு அறிவித்தார். பேரறிஞர்கள் போலி என்றார்கள். அவர்களுள் முக்கியமானவர் பிரான்சின் எமில் கார்த்தயாக். வேறு குகைகளிலும் ஓவியங்கள் கிடைக்கத் தொடங்கிய பின்னர், 1902இல் தன் தவறை ஒப்புக்கொண்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு 14 ஆண்டுகள் முன்பே, 1888இல், அவமானத்தோடு சௌத்துவோலா இறந்துவிட்டார். இன்னொரு பக்கம், பிரெத்தோனின் வழக்குக்குச் சில ஆண்டுகளின் பின் 1956இல், ரூபிஞாக் என்ற குகையின் மாமதங்கள் உண்மையா போலியா என்று அறிஞர்கள் பத்திரிகைகளில் போரே நடத்தினர். நிபுணர்களே இரு அணியாக நிற்கும் துறையில் ஒரு கவிஞர் ஐயப்பட்டதைக் குற்றமென்று சொல்லிவிட முடியாது.

கவிஞரின் பிழை ஐயத்தில் இல்லை. அதைத் தீர்க்க அவர் தேர்ந்த வழியில் இருந்தது. குகையின் காற்று எப்போதும் ஈரம் நிறைந்தது. அங்கு வர்ணம் காய்ந்து இறுகுவதில்லை. மேலே சுண்ணம் படிந்து மூடிய இடங்களில் மட்டுமே அது காப்பாகக் கிடக்கும். மூடாத இடத்தில் எந்தக் காலத்துக் கரியும் விரலோடு வந்துவிடும். ஆகவே விரலில் ஒட்டிய கரி, ஓவியத்தின் வயதைப் பற்றி அவருக்கு ஒன்றுமே சொல்லவில்லை. கேள்வியும் தீரவில்லை, கோடும் சிதைந்தது.

விடை வந்தது வேறு வழியில். காபன் 14 என்ற கதிரியக்கக் காபனைக் கொண்டு வயதறியும் முறை 1949 அளவில்தான் அமெரிக்காவில் உருவானது. ஆரம்பத்தில் அச்சோதனைக்குக் கிராம் கணக்கில் கரி வேண்டியிருந்தது. ஓவியத்தின் வயதை அறிய ஓவியத்தையே சுரண்டி எடுக்க வேண்டும். சில பத்தாண்டுகளில் கருவிகள் நுண்மையடைந்தன. ஊசிமுனை அளவு கரி போதும் என்ற நிலை வந்தது. 1990களில் பெஷ்மேர்லின் வலப்பக்கக் குதிரையிலிருந்து அவ்வாறு எடுத்த கரித்துகள், ஏறத்தாழ 29,000 ஆண்டு எனக் கணக்குச் சொன்னது. கவிஞர் தேய்த்த மாமதம் வேறு. சோதித்த குதிரை வேறு. ஆனால் பனியுகத்தின் இறுதியில் வாயில் மூடுண்டு, பையன்கள் இறங்கும் வரை அடைபட்டுக் கிடந்த குகை இது. இதை அண்மைக்காலத்துப் போலி எனக் கொள்ள இன்று இடமில்லை.

அந்த விடையைக் கேட்கப் பிரெத்தோன் இருக்கவில்லை. வழக்கின் பின்னும் அவர் இப்பள்ளத்தாக்கை வெறுக்கவில்லை. கோடைதோறும் சேன் சீர்க்கில் உள்ள தோணிக்காரர் சத்திரத்துக்கே வந்தார். கலையின் மாயத்தன்மையைப் பற்றிய தன் பெரிய நூலை 1957இல் வெளியிட்டார். 1966 செப்டெம்பரில் அவ்வூரிலேயே நோயுற்று, பரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அம்மாதம் 28ஆம் திகதி காலமானார். அவர் பொறுக்கிய கற்களைப் போன்றவை லொத்தின் படுகையில் இன்னும் உருண்டுகொண்டிருக்கின்றன. அவற்றைத் தொடுவதற்கு எவருக்கும் தடையில்லை.

தொடாத கையும் தீங்கு செய்யும்

கவிஞரின் விரலை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் தப்பிவிட முடியாது. அண்டைய மாவட்டத்திலுள்ள லாஸ்கோ குகையின் கதை அதைச் சொல்கிறது. 1940இல் இளைஞர்கள் கண்டுபிடித்த அக்குகை 1948இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒருவரும் சுவரைத் தேய்க்கவில்லை. பார்த்தார்கள், வியந்தார்கள், பெருமூச்சு விட்டார்கள். அந்த மூச்சே சுவரில் பாசியாகப் படர்ந்தது. 1963இல், நாவலாசிரியரும் அன்று கலாசார அமைச்சருமான அந்திரே மால்றோ குகையைப் பொதுமக்களுக்கு மூடினார். இன்று அங்கு செல்வோர் காண்பது நகலை.

பெஷ்மேர்லில் அந்த நிலை வரக்கூடாது என்று, நாளொன்றுக்கு 700 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. மூல ஓவியத்தை இன்றும் நேரில் காணக்கூடிய சில குகைகளுள் அது ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கட்டுப்பாடு. ஒரு மூச்சு வரைந்த ஓவியம் பல மூச்சுகளால் அழியாதிருக்க, வாசலில் ஆளெண்ண வேண்டியிருக்கிறது.

மேலே உள்ள ஊருக்கு இத்தகைய வாசல் இல்லை. 2012இல் பிரெஞ்சு மக்கள் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் தமக்குப் பிடித்த கிராமமாகச் சேன் சீர்க்கைத் தெரிவு செய்தனர். இருநூறு பேரளவில் வாழும் ஊருக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். பதின்மூன்று கட்டடங்கள் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு கல்லையும் அனுமதியின்றி மாற்ற முடியாது. சுவர்களுக்குக் காவல் உண்டு. ஆனால் வளைவு வாசல்களுக்குள் கடைசல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வாழ்வுக்குச் சட்டத்தால் காவல் போட முடியவில்லை. பட்டறைகள் இருந்த இடத்தில் ஐஸ்கிரீமும் நினைவுப் பொருட்களும் விற்கும் கடைகள் வந்துவிட்டன. குளிர்காலத்தில் பயணிகள் போன பின் பல யன்னல்கள் மூடியே கிடக்கின்றன. பழமையைக் காப்பது என்றால் கல்லைக் காப்பதா, கல்லுக்குள் வாழ்ந்த கைத்தொழிலைக் காப்பதா என்ற கேள்வி அந்தப் படிகளில் ஏறும்போது எழாமல் இராது.

இப்பள்ளத்தாக்கில் கைகள் பல வந்துபோயின. மரத்தைக் கடைந்த கைகள், தோணியை இழுத்த கைகள், கோட்டையை இடித்த கைகள் யாவும் தத்தம் தடத்தைக் கல்லில் விட்டுச் சென்றன. ஐயத்தோடு நீண்ட ஒரு கவிஞரின் கையும் அங்கே ஒரு கோட்டைச் சிறிது மங்கச் செய்துவிட்டுப் போனது. அவற்றுக்கெல்லாம் முன்பே குகைச் சுவரில் கைவைத்தவர் எடுத்துச் சென்றது எதுவுமில்லை. தன் கை இருந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுச் சென்றார். நாளுக்கு எழுநூறு பேர் அந்த வெறுமையின் முன்னே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.